விலை கொடுத்து வாங்கும் காற்று

1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர் பாலியூரித்தேன் என்னும் புதிய பிளாஸ்டிக்கைச் செய்து காட்டினார். (ஆஸ்பிரின் புகழ் பேயர் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு கிடையாது, பெயர்ப் பொருத்தம் தற்செயல்.) மேலிடத்துக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வார்த்தெடுத்த கட்டிகளில் குமிழ்கள் மண்டிக் கிடந்தன. சோதனைக்குப் போன மாதிரி ஒன்று, போலி சுவிஸ் பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்ற கேலிக் குறிப்போடு திரும்பி வந்ததாக ஒரு கதை அந்தத் துறையில் இன்றும் உலவுகிறது.

குமிழுக்குக் காரணம் ஈரம். பாலியூரித்தேன் உருவாக ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்கள் சேர வேண்டும். ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. உடனே வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். மூலப்பொருளில் ஒட்டியிருந்த துளி ஈரம்தான் கட்டியைப் பொத்தலாக்கியிருந்தது. அதைத் துரத்த வழி தேடிக்கொண்டிருந்த இடத்தில், அளந்து தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்ற யோசனை பிறந்தது. நாம் படுத்துறங்கும் ஃபோம் மெத்தை அந்த யோசனையின் பிள்ளை.

பிளாஸ்டிக் நுரைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். பிளாஸ்டிக் இளகிய நிலையில் இருக்கும்போது அதற்குள் வாயுவைப் பிறப்பிக்க வேண்டும். குமிழ்கள் போதிய அளவு பருத்த கணத்தில் அவற்றின் சுவர் இறுகிவிட வேண்டும். சுவர் முந்திக்கொண்டால் நுரை எழும்பாது. வாயு முந்திக்கொண்டால் குமிழ் வெடித்து எல்லாம் சரிந்துவிடும். ஆகவே ஒரு நுரையைப் பற்றித் தெரிந்துகொள்ள, அது எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்பது பாதிக் கேள்விதான். வாயு எங்கிருந்து வந்தது, வந்த வாயு உள்ளேயே தங்கியதா, குமிழின் சுவர் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா? இவற்றையும் கேட்டால்தான், மீன் பெட்டிக்கு ஆகும் நுரை மெத்தைக்கு ஏன் ஆகாது என்பது விளங்கும்.

நமக்கு அதிகம் பழக்கமான தெர்மோகோலை எடுத்துக்கொள்வோம். பாலிஸ்டைரீனை இப்படி மணி மணியாகப் பொரிக்கும் முறை ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் 1950-ஐ ஒட்டி உருவானது. தொழிற்சாலைக்கு வரும் சரக்கைப் பார்த்தால் தெர்மோகோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, கெட்டியான, கனமான மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் எடையில் 5 சதவீதம் அளவுக்குப் பென்டேன் என்ற திரவம் கரைந்திருக்கும். பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடக்கூடியது. மணிகள்மீது நீராவியைப் பாய்ச்சினால் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் ஆவியாகும், மணி அரிசி பொரிவதுபோலப் பொரிந்து 40, 50 மடங்கு வரை பருக்கும்.

பொரிந்த கையோடு அச்சில் போட முடியாது. ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மணிக்குள் கிட்டத்தட்ட வெற்றிடம் உண்டாகிறது. அந்த நேரத்தில் அழுத்தினால் மணி சப்பிப்போகும். எனவே துணியால் ஆன பெரிய குதிர்களில் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை அவற்றை ஓய்வாக வைத்திருக்கிறார்கள். வெளிக்காற்று மெல்ல மெல்லச் சுவரைக் கடந்து உள்ளே புகுந்து வெற்றிடத்தை நிரப்புகிறது. பிறகு அச்சில் கொட்டி மறுபடியும் நீராவி. இம்முறை பருக்க இடமில்லாததால் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி, பல கோண முகங்களாகத் தட்டையாகி, ஒட்டிக்கொள்கின்றன. தெர்மோகோலை ஒடித்தால் தெரியும் அந்தச் சிறு உருண்டைகள் இந்த வரலாற்றின் தடம்தான். டிவி பெட்டிக்குள் வருவது அச்சிலேயே வடிவம் பெற்றது. கடையில் வாங்கும் அட்டை, பெரிய கட்டியாக வார்த்து, சூடேற்றிய கம்பியால் அறுத்தது.

இறுதியில் அதன் கன அளவில் 98 சதவீதம் காற்றுதான். பென்டேனில் பெரும்பகுதி சில நாட்களில் வெளியேறிவிடும். இதில் ஒரு நன்மை உண்டு. உள்ளே இருப்பது ஏற்கெனவே காற்றுதான் என்பதால், காலப்போக்கில் கசிந்து கெடுவதற்கு எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்தும் தெர்மோகோல் வெப்பத்தைத் தடுக்கும் திறன் பெரிதாகக் குறையாது. குறையும் ஒன்று உண்டு: மணிகளுக்கு இடையே மிச்சமிருக்கும் நுண்ணிய இடுக்குகள். நாள்பட்ட ஈரத்தில் தண்ணீர் அந்த வழியே ஊறும். ராமேஸ்வரத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றி அனுப்பும் பெட்டிக்கு இது பெரிய குறையல்ல. தரைக்கடியில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய பலகைக்குக் குறைதான்.

தெர்மோகோலின் எடைக்குறைவு தமிழர்களுக்கு ஒரு பாடமும் நடத்தியிருக்கிறது. 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், சற்று நேரத்தில் அவை கரை ஒதுங்கியதும், பிறகு ஊரே சிரித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிரித்தவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பது என் குறை. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள சாதாரண அட்டை சுமார் 150 கிராம்தான் இருக்கும். அரை சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, பிடித்து நிறுத்த 150 கிராம் மட்டும் வைத்திருக்கும் பொருள் அணைக்கட்டில் நிற்காது. நீர்ப்பரப்பை மூடும் யோசனை கேலிக்குரியது அல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்த்தேக்கம் ஒன்றில் 2015-இல் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முக்கிய நோக்கம் வெயில் பட்டுத் தண்ணீரில் நச்சுப்பொருள் உருவாவதைத் தடுப்பது. ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்துகள் காற்றில் பறக்காததற்குக் காரணம் எளியது: ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கனமாக்கியிருந்தார்கள்.

அதே பாலிஸ்டைரீனை வேறு வழியில் நுரைத்தால் குணம் மாறுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாடு. அமெரிக்காவின் டோ நிறுவனத்தில் ரே மெக்இன்டையர் என்பவர், வளையக்கூடிய மின்காப்புப் பொருள் ஒன்றைத் தேடி ஸ்டைரீனுடன் ஐசோபியூட்டிலீன் வாயுவை அழுத்தத்தில் கலந்தார். அழுத்தத்தை விடுவித்தபோது வந்தது வளையும் பொருளல்ல. பாலிஸ்டைரீனைவிடச் சுமார் 30 மடங்கு லேசான நுரை. ஸ்வீடனின் கார்ல் முன்டர்ஸ் 1930-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது பிறகு தெரியவந்தது. டோ அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. ஸ்டைரோஃபோம் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. 1942-லேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை உயிர்காக்கும் மிதவைக்கு அதை எடுத்துக்கொண்டது.

இங்கே மணி கிடையாது. உருக்கிய பிளாஸ்டிக்கோடு வாயுவை அழுத்திக் கரைத்து, ஒரு நீள வாயின் வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விழுகிறது. பாட்டில் சோடாவைத் திறந்த கணத்தில் நடப்பதே நடக்கிறது. தொடர்ச்சியான, இடுக்கில்லாத, மூடிய குமிழ்கள். அதனால் தண்ணீர் ஊறுவது மிகக் குறைவு. சுமை தாங்கும் திறன் அதிகம். மொட்டை மாடியில் தளஓட்டுக்குக் கீழே பதிக்கும் நீல, இளஞ்சிவப்புப் பலகைகள் இந்த இனம். இன்னொரு செய்தி: கல்யாணப் பந்திகளில் முன்பு போட்ட தெர்மோகோல் தட்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் உருண்டைகள் இருக்காது. அதுவும் இதே முறையில் மெல்லிய தாளாக இழுத்து அச்சில் அமுக்கியதுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

இனி மெத்தைக்கு வருவோம். மெத்தை ஃபோம் தயாராவதைப் பார்ப்பது ஒரு காட்சி. பாலியால், ஐசோசயனேட், தண்ணீர், வினையூக்கிகள், கொஞ்சம் சிலிக்கோன் திரவம் எல்லாம் ஒரு கலவைத் தலையில் சேர்ந்து, நகரும் பட்டையின்மேல் திரவமாக விழுகின்றன. சில விநாடிகளில் அது பாலாக வெளுக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. உச்சிக்குப் போனதும் மேற்பரப்பில் குமிழ்கள் பொட்டுப் பொட்டென்று உடைந்து, கட்டி பெருமூச்சு விடுகிறது.

அந்தப் பெருமூச்சுதான் மெத்தையின் உயிர். குமிழ்களின் சுவர் மெலிந்து கிழிந்து, விளிம்புக் கம்பிகள் மட்டும் மிஞ்சுகின்றன. உள்ளே இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. உட்கார்ந்தால் காற்று வெளியே போகிறது, எழுந்தால் திரும்ப வருகிறது. சுவர் கிழியாமல் நின்றுவிட்டால், ஆறும்போது கட்டி முழுவதும் சுருங்கிக் கெட்டுப்போகும். முன்னதாகவே கிழிந்துவிட்டால் எழும்பிய நுரை சரிந்து விழும். இந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்திப் பிடிப்பது சிலிக்கோனும் தகர வினையூக்கியும். அவற்றின் அளவில் சிறு பிசகு நேர்ந்தாலும் லோடு கணக்கில் கழிவு. வினையில் வெப்பமும் பிறக்கிறது. நுரை நல்ல வெப்பக் காப்பு என்பதால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, கட்டியின் நடுவே 150 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தண்ணீரைக் கூட்டி லேசான ஃபோம் செய்யப் பேராசைப்பட்டால் கட்டி உள்ளேயே கருகும். கிடங்கே பற்றி எரிந்ததும் உண்டு. எனவே புதுக் கட்டிகளை இடைவெளி விட்டு ஒரு நாளாவது ஆறவைத்த பிறகுதான் அறுப்பார்கள்.

கடையில் "32 டென்சிட்டி, 40 டென்சிட்டி" என்கிறார்களே, அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. கையால் அமுக்கிப் பார்ப்பது அதைச் சொல்லாது. கை உணர்வது விறைப்பை. டென்சிட்டி சொல்வது, உள்ளே எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்பதை. மிருதுவான கனமான ஃபோமும் உண்டு, விறைப்பான லேசான ஃபோமும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆறே மாதத்தில் குழி விழும். சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடையை ஏற்றும் தந்திரமும் இருப்பதால், எண்ணை மட்டும் நம்பியும் பயனில்லை. மெமரி ஃபோம் என்பதும் பாலியூரித்தேன்தான். 1960-களில் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவானது. அது இளகும் வெப்பநிலை நம் அறை வெப்பத்தை ஒட்டி இருப்பதால், உடற்சூட்டில் குழைகிறது. ஏசியைக் குளிரக் குளிர வைத்தால் அதே மெத்தை விறைத்துக்கொள்கிறது.

ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருப்பதும் பாலியூரித்தேன் என்றால் பலரும் நம்ப மறுப்பார்கள். அங்கே ஆகவேண்டியது நேரெதிர்: சுவர் கிழியக்கூடாது, வாயு வெளியேறக்கூடாது. வெளித் தகட்டுக்கும் உட்புறப் பிளாஸ்டிக்குக்கும் நடுவே திரவத்தைச் செலுத்தினால், அது தானே பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் புகுந்து, இரண்டையும் ஒட்டி, இறுகிவிடுகிறது. குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் பஃப் பேனல் என்று சொல்வதும் இதையே. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர், கெல்வினுக்கு 0.025 வாட். தெர்மோகோல் சுமார் 0.035. இந்தக் கெட்டி ஃபோமோ 0.020 முதல் 0.024 வரை. காற்றையே முந்துகிறது. காரணம், குமிழுக்குள் அடைபட்டிருப்பது காற்றல்ல. காற்றைவிடச் சோம்பலாக வெப்பத்தைக் கடத்தும் கனத்த வாயு.

பல பத்தாண்டுகளுக்கு அந்த வாயு சிஎஃப்சி-11. நுரைக்கு இதைவிடப் பொருத்தமான வாயு கிடையாது: எரியாது, மலிவு, கசிவது மெதுவாக. ஓசோன் படலத்தைத் தின்னும் என்ற ஒரே குற்றத்துக்காக 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை ஒழிக்கத் தீர்மானித்து, 2010-இல் உலகம் முழுக்க உற்பத்தி நின்றிருக்க வேண்டும். ஆனால் 2018 மே மாதம் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 2012-க்குப் பிறகு யாரோ புதிதாக அதை வெளிவிடுகிறார்கள் என்று அறிவித்தது. வளிமண்டலத்தில் அதன் அளவு குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை. அடுத்த ஆண்டு, கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹாத்தெருமா அளவீட்டு நிலையங்களின் பதிவுகளைக் காற்று வீசும் திசைகளோடு ஒப்பிட்டு, கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணப் பகுதிகளைச் சுட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் அதிகரிப்பு. ஃபோம் ஆலைகள் கள்ளத்தனமாக அதைப் பயன்படுத்தி வந்தது சூழலியல் புலனாய்வு அமைப்பு ஒன்றின் விசாரணையிலும் வெளிப்பட்டிருந்தது. பின்னர் நடவடிக்கை எடுக்கப்பட்டு அளவு மீண்டும் இறங்கியது. ஒரு பலகையின் விலையில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஆசை, அண்டை நாடுகளில் இருந்த கருவிகளில் பதிவானது.

இன்று ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் சைக்ளோபென்டேன். ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஆலையில் பாதுகாப்பு ஏற்பாடுகள் அதிகம் தேவை. இடைக்கால மாற்றாக இருந்த ஹெச்சிஎஃப்சி-141பி-யை இந்தியா 2020 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. பழைய ஃபிரிட்ஜை உடைக்கிறவர்கள் கம்ப்ரசரில் உள்ள வாயுவை மட்டும்தான் கவனிக்கிறார்கள். சிஎஃப்சி காலத்துப் பெட்டிகளில் அதைவிட அதிக வாயு சுவர் ஃபோமுக்குள் இருந்தது.

கெட்டி ஃபோமை எப்படிச் செய்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கொலம்பியா விண்ணோடத்தைவிடக் கடுமையாக எதுவும் சொன்னதில்லை. விண்ணோடத்தின் பிரம்மாண்டமான எரிபொருள் தொட்டியில் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன். ஆவியாகாமலும் மேலே பனி படியாமலும் இருக்க, தொட்டி முழுக்க ஃபோம் தெளித்திருந்தார்கள். அந்த ஆரஞ்சு நிறம் பெயின்ட் அல்ல, ஃபோமின் நிறம். முதல் இரண்டு பயணங்களுக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டு, எடையை மிச்சம்பிடிக்க நிறுத்திவிட்டார்கள். பெரும்பகுதியை இயந்திரம் தெளித்தது. விண்ணோடத்தைத் தொட்டியோடு பிணைக்கும் கால்கள் இருந்த சிக்கலான இடத்தில் மட்டும், பணியாளர்கள் கையால் தெளித்து, கையாலேயே செதுக்கினார்கள். கையால் தெளிக்கும்போது ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே வெற்றிடங்கள் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2003 ஜனவரி 16 அன்று, கிளம்பிய 82-ஆவது விநாடியில், அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் கிலோ ஃபோம் பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. ஃபோம் மோதி என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் பொறியாளர்கள் பலரும் நினைத்தார்கள். எடை குறைவு என்பதே இங்கே வினையானது. பிய்ந்த கணத்தில் ஃபோமும் விண்ணோடத்தின் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. வைகையில் அட்டையைத் தள்ளிய அதே காற்றுத்தடை இங்கே அந்த லேசான துண்டின் வேகத்தைச் சட்டென்று குறைத்தது; ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் வந்துகொண்டிருந்த இறக்கை அதன்மேல் போய் மோதியது. மோதல் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியே கொதிக்கும் வாயு புகுந்து விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டனர். அந்த ஆண்டு ஜூலையில் டெக்சாஸில் ஒரு ஃபோம் கட்டியை அதே வேகத்தில் சுட்டுச் சோதித்தபோது, இறக்கைப் பலகையில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. விசாரணைக் குழு வேறு தொட்டிகளின் அதே பகுதியை அறுத்துப் பார்த்தது. அங்கும் வெற்றிடங்கள் இருந்தன.

மற்ற நுரைகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். கடையில் ஆப்பிளுக்கு மாட்டியிருக்கும் வெள்ளை வலை பாலிஎத்திலீன் நுரை. பியூட்டேன் போன்ற வாயுவால் ஊதியது. காற்று உள்ளே வருவதற்குள் பியூட்டேன் வெளியே ஓடிவிட்டால் தாள் சுருங்கிவிடும் என்பதால், அதன் ஓட்டத்தைத் தாமதப்படுத்த ஒரு மெழுகுப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஓட்டக்காலணியின் அடிப்பகுதியில் இருப்பது ஈவிஏ என்ற பிளாஸ்டிக்கின் நுரை. அதில் வாயுவை வெளியிலிருந்து ஊதுவதில்லை. சூட்டில் சிதைந்து நைட்ரஜன் விடும் தூளைப் பிளாஸ்டிக்கோடு பிசைந்து, அழுத்தத்தில் சுடுகிறார்கள். அச்சைத் திறந்த கணத்தில் துண்டு அச்சைவிடப் பெரிதாகிக் குதித்து வெளியே வரும். இதே வழியில் ரப்பரை நுரைத்தால் எம்சிஆர் என்ற நுண்குமிழ் ரப்பர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பணியாற்றிய பால் பிராண்ட், உணர்விழந்த பாதங்களோடு வந்த தொழுநோயாளிகளுக்காக அதில் செய்த செருப்பைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பி, ஒரே இடத்தில் புண் விழாமல் காப்பது அதன் வேலை. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது அதைத்தான். நுரைகளிலேயே அதிக நன்மை செய்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பயன் முடிந்த பிறகு? தெர்மோகோலை உருக்கி மறுபடி பிளாஸ்டிக் ஆக்கலாம். ஆனால் லாரி நிறைய ஏற்றினாலும் எடையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதால் யாரும் எடுக்க வருவதில்லை. பாலியூரித்தேன் ஃபோம் உருகவே உருகாது. துண்டு துண்டாக நறுக்கிப் பசைபோட்டு அழுத்தி ரீபாண்டட் மெத்தை செய்வதுதான் இப்போதைக்கு அதற்குள்ள மறுபிறவி. ஒருநாள் மேடை அலங்காரத்துக்குத் தெர்மோகோல் வெட்டுவதை 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடை செய்தது சரியான முடிவு. மீன் பெட்டியையும் ஃபிரிட்ஜ் சுவரையும் அதே கூண்டில் ஏற்றுவது சரியல்ல. அவை வீணாகாமல் காக்கும் உணவும் மின்சாரமும் கணக்கில் வரவேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யூடியூப் ஒலிப்பதிவுக்காக வீட்டு அறைச் சுவரில் சோபா ஃபோமை வாங்கி ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில், ஒலியடக்கத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். திறந்த குமிழ்களில் காற்று தாராளமாகப் புழங்குவதால் தீ பரவுவது நிமிடக் கணக்கில்கூட இல்லை. புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். சுவருக்கென்று தீத்தடுப்புச் சோதனை செய்து சான்று பெற்ற ஃபோம் தனியாகக் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். அதை வாங்குங்கள், முடியாவிட்டால் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, விளக்கையும் மின்கம்பியையும் அதிலிருந்து தள்ளி வையுங்கள்.